பூஜ்ஜியத்தில் மாட்டிய வயர்

இருபதாம் எண் விளக்கு எரிந்தது.

எரிந்தால் பயப்பட என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியில் பெல் போர்டு மாட்டுவதே எரிவதற்குத்தான். நோயாளி கட்டில் தலைமாட்டில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் அறைக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். சிஸ்டர்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் இருக்கும் போர்டில் அந்த அறையின் எண்ணும் எரியும். கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இருபதாம் அறையில் நோயாளியும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பெயின்ட் அடிப்பதற்காகப் பூட்டிக் கிடந்தது. பொத்தானைக் கழற்றி, வயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றியவன் வேறு யாருமல்ல, இப்போது போர்டுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்ற எலக்ட்ரீஷியனேதான்.

கடிகாரத்தில் மணி மூன்று பத்து. சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போன வண்டியின் சக்கரச் சத்தம் ஓய்ந்து, பார்வையாளர்களுக்கு நாலு மணிக்குக் கதவு திறக்கும்வரை அந்த ஆஸ்பத்திரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடக்கும் நேரம். எலும்பு முறிவுக்கான ஆஸ்பத்திரி. மாடி கிடையாது. ஒரே நீளமான நடை, அதன் ஒரு பக்கம் ஜன்னல்கள், மறுபக்கம் வரிசையாக அறுபத்துநாலு அறைகள். பத்து நாளாக விடாத மழையில் ஜன்னல் கண்ணாடிகள் வெளிறிப்போய், பினாயில் வாடையும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து, மதியத்திலேயே ட்யூப் லைட் போட வேண்டியிருந்தது.

"எங்களை ஓட வைக்கிறதுக்குன்னே இந்தப் புது போர்டை மாட்டினீங்களாண்ணா?" என்றாள் சின்ன சிஸ்டர். "தினம் ஒரு ரூம். ஓடிப் போய்ப் பார்த்தா யாரும் அமுக்கலை. எல்லாத்தையும் புகார் நோட்டுல எழுதி வச்சிருக்கேன், நீங்கதான் அந்த நோட்டைத் திறக்கறதே இல்லை."

அவள் சொன்னது உண்மை. திறந்து பார்த்தான். ஏழு நாள், ஏழு வரி. ஒன்று, மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, பதின்மூன்று, இன்று இருபது. ஏழு நாளும் ஒரே நேரம். மூன்று பத்து.

குழாய் வெட்டி வயர் இழுக்கிறவனுக்கு எண்களைப் பார்த்தால் நடுவில் இருக்கும் தூரம்தான் முதலில் கண்ணில் படும். ஒன்றிலிருந்து மூன்றுக்கு இரண்டு அறை. மூன்றிலிருந்து ஆறுக்கு மூன்று. ஆறிலிருந்து இரண்டுக்கு, பின்பக்கமாக, நாலு. பிறகு ஐந்து, ஆறு, ஏழு. ஒவ்வொரு நாளும் ஒரு அறை கூடுதலாகத் தாண்டியிருந்தது. அப்படியானால் முதல் நாள் ஒன்று தாண்டி ஒன்றாம் அறைக்கு வந்தது எங்கிருந்து?

போர்டை மாட்டிய அன்று, அறுபத்துநாலு அறைக்கும் வயர் கொடுத்த பிறகு, சுவருக்குள்ளிருந்து வந்த பழைய வயர்களில் ஒன்று மிச்சமிருந்தது. துணி சுற்றிய, கறுத்த, எந்தக் காலத்துதோ தெரியாத வயர். எந்த அறைக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு ஆளாக இருந்தால் வெட்டிப்போட்டுவிட்டுப் போயிருப்பான். இவனுக்கு ஒரு வயர் சும்மா தொங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. போர்டில் சோதனைக்கென்று பூஜ்ஜியம் போட்ட ஒரு முனை காலியாக இருந்தது. அதில் மாட்டி ஸ்குரூவை இறுக்கினான். உடனே பூஜ்ஜியம் எரிந்தது. நம் வேலை சுத்தம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனான். அப்போதும் மணி மூன்று பத்துதான்.

இப்போது அந்த ஸ்குரூவைக் கழற்றி வயரைப் பிடுங்கினான். விரல் நுனியில் அது லேசாகச் சுட்டது. மறுநாள் போர்டுக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு முன்னால் நின்றான். மூன்று பத்துக்குப் பன்னிரண்டு எரிந்தது.

அதற்குப் பிறகுதான் அறைகளுக்குள் போய்ப் பார்த்தான். ஏழில் ஒரு தையல்காரர் இருந்தார். போன வாரம்வரை, தன் முழங்காலைச் சேர்த்த டாக்டருக்குத் தையல் சரியில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவர். இப்போது கட்டிலின் ஓரத்தில், இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்தால் கீழே விழுந்துவிடும்படி ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. பக்கத்தில் பாதி மெத்தை காலி. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. பதின்மூன்றில் இருந்த டிராயிங் மாஸ்டரும் அப்படியே. ஆறில் இருந்த அம்மாவும் அப்படியே. எல்லோரும் கட்டிலில் யாருக்கோ இடம் விட்டுப் படுத்திருந்தார்கள்.

"நடுவுல இழுத்துப் போட்டா, மறுபடி ஓரத்துக்குப் போயிடறாங்க," என்றாள் சின்ன சிஸ்டர். "மழைக்கு உடம்பு ஒடுங்கிப் போச்சாம். பெரிய டாக்டர் சொன்னார். ஆனா ஒண்ணு, தொல்லையில்லை. தண்ணி வேணும்னுகூடக் கேக்கறதில்லை."

தையல்காரரின் மனைவி நடையில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தாண்டி நடக்கும்போது அவனுக்குக் கால் கூசியது. ஆனால் அவன் மனம் அப்போதே பதினெட்டாம் அறைக்குப் போய்விட்டிருந்தது.

பதினெட்டில் அவனுடைய அக்கா இருந்தாள்.

பஸ் படிக்கட்டில் வழுக்கித் தொடை எலும்பை உடைத்துக்கொண்டவள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு கம்பியைச் செருகி, கயிறு கட்டி, கட்டில் கால்மாட்டில் இருந்த உருளை வழியாக ஐந்து கிலோ எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு வாரம் அப்படியே கிடக்க வேண்டும். எடை நின்றால் கால் குட்டையாகிவிடும். அசையக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அக்கா வாய்க்கு மட்டும் பொருத்திக்கொள்ளவில்லை. காலையில் ஆரம்பித்தால் ஆயாக்களின் மருமகள் பிரச்சினை, பக்கத்து அறைக்காரர் குறட்டை, தம்பி சட்டையின் அழுக்கு என்று ஓயாத பேச்சு. எதிராளி ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. இருட்டைக் கண்டால் அலறுகிற பிள்ளைக்கு, சமையலறையிலிருந்தபடியே அவள் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவன் தூங்குவான். நாற்பது வயதிலும் கல்யாணம் காட்சி இல்லாமல் அவளோடுதான் இருந்தான். அந்தப் பேச்சு நின்றுபோன ஒரு வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள்.

"ஒண்ணுமில்லைக்கா. ராத்திரி தூக்கமில்லை."

"தூங்காம என்ன பண்ணினே, ஃபேனை எண்ணினியா? இருக்கறதே ஒரு ஃபேன்."

அவன் சிரித்துவைத்தான்.

ஒன்பதாம் நாள் இருபத்தொன்று எரிந்தது. பத்தாம் நாள் பதினொன்று. பதினொன்றாம் நாள் இருபத்திரண்டு. ஒவ்வொரு மதியமும் அது அக்காவின் அறையைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது. அன்று வீட்டில், சுவிட்ச் வந்த ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, பென்சிலோடு உட்கார்ந்து முறையைக் கண்டுபிடித்துவிட்டான். பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் ஒன்பது அறை தாண்ட வேண்டும், பத்தாம் நாள் பத்து. முதலில் பின்பக்கம் பார்க்கும். அங்கே அறை இருந்து, அது இதுவரை போகாத அறையாகவும் இருந்தால், அதற்குள் போகும். அப்படி ஒரு அறை இல்லையென்றால், இல்லை ஏற்கெனவே போன அறையென்றால், அதே தூரம் முன்பக்கம் போகும். அவ்வளவுதான். பன்னிரண்டிலிருந்து ஒன்பது பின்னால் போனால் மூன்று, அது போன இடம். அதனால்தான் முன்னால் வந்து இருபத்தொன்று. போன இடத்துக்கு மறுபடி போகாத ஒன்று.

தொடர்ந்து எழுதினான். நாளை பத்து. பிறகு இருபத்துமூன்று, ஒன்பது, இருபத்துநாலு, எட்டு, இருபத்தைந்து. அங்கிருந்து ஒரே தாவாக நாற்பத்துமூன்று. அறுபத்திரண்டு. அவனுக்கு மூச்சு லேசாக வந்தது, தூரப் போகிறது, போகட்டும். நாற்பத்திரண்டு. அறுபத்துமூன்று. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றிலிருந்து இருபத்துமூன்று பின்னால்.

பதினெட்டு.

மூன்று தடவை கழித்துப் பார்த்தான். பதினெட்டுதான். இருபத்துமூன்றாம் நாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். அதற்கு மேல் எழுத அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சினான். கயிற்றை அவிழ்த்தால் அக்கா ஆயுசுக்கும் நொண்டுவாள், அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் முடித்துவிட்டார். பெரிய சிஸ்டரிடம் போர்டு விஷயத்தை மெல்ல ஆரம்பித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, ரெண்டு நாள் லீவு போட்டு நல்லாத் தூங்கு," என்றார்.

ஒன்பதாம் அறையில் இருந்த லாரி டிரைவருக்காக ஒரு முயற்சி செய்தான். அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு யாருக்காகவும் அவன் எதுவும் செய்யவில்லை. பொத்தானைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். உள்ளே டிரைவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடையில் யாரும் வரவில்லை. கதவு திறக்கவில்லை. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தபோது பாட்டு பாதி வரியில் நின்றது. மெத்தைக்குள் இருக்கும் கம்பிச்சுருள்கள் மெல்ல, ஒவ்வொன்றாக, கனம் தாங்கி முனகும் சத்தம் கேட்டது. அவன் உள்ளே போகவில்லை. ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் தன் காரியத்தை மட்டும் பார்த்தான். இருபத்துநாலு, எட்டு, இருபத்தைந்து, எல்லாம் அட்டையில் எழுதியபடியே எரிந்தன. இருபதாம் நாள் நாற்பத்திரண்டு எரிந்தது. அது காலி அறை. போய்ப் பார்த்தான். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இருபத்திரண்டாம் நாள் நாற்பத்தொன்றில் இருந்த பஸ் கண்டக்டர், "தம்பி, இந்த ஃபேன் கடகடங்குது, நாளைக்கு ஒரு நட்டு போட்டு விடேன்," என்றார். மணி அப்போது மூன்று. சரி என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்தச் 'சரி'யை நினைத்தால் அவனுக்கே தன்மேல் குமட்டியது.

இருபத்துமூன்றாம் நாள் காலை, பதினெட்டாம் அறைச் சுவரில் மின்சாரம் கசிகிறது, ஆளை உடனே மாற்ற வேண்டும் என்று பொய் சொன்னான். சொந்த வேலையைத் தானே குறை சொல்லும் எலக்ட்ரீஷியனை யார் சந்தேகப்படுவார்கள்?

"முப்பது காலியா இருக்கு," என்றார் பெரிய சிஸ்டர். "நல்ல காத்தோட்டம். அங்கே போட்டுக்கோ."

முப்பது. அவன் யோசித்தான். அது இன்னும் முப்பதுக்குப் போகவில்லை. இன்றில்லாவிட்டால் நாளை, நாளை இல்லாவிட்டால் அடுத்த வாரம், என்றைக்காவது போகும். போகாத அறை எதுவும் பத்திரமில்லை. போன அறைதான் பத்திரம். போய், யாரும் இல்லாமல் திரும்பிய அறை ஒன்று இருக்கவே இருக்கிறது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"வேண்டாம் சிஸ்டர். நாப்பத்திரண்டு குடுங்க. அங்கே வயரிங் நானே பார்த்தது."

இரண்டு ஆயாக்கள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக, எடை ஆடாமல் பிடித்துக்கொண்டு கட்டிலோடு அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "ஊர்ல வீட்டைத்தான் மாத்துவாங்க, இவன் கட்டிலோட ஆளையே மாத்தறான்," என்றாள் அக்கா. "டிரைவர் சார், மெதுவா. முன்னாடி மேடு பள்ளம் பாத்து ஓட்டுங்க." ஆயாக்கள் சிரித்தார்கள். திறந்திருந்த கதவுகளுக்குள், கட்டில் ஓரங்களில், கண் திறந்து கிடந்தவர்களை அவர்கள் தாண்டிப் போனார்கள்.

அன்று மூன்று பத்துக்குப் பதினெட்டு எரிந்தது. காலி அறை. அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான். அக்கா நாற்பத்திரண்டில் இருந்துகொண்டு, புது அறையின் ஜன்னல் சரியாக மூடவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அந்த ராத்திரி இரண்டு வாரத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுச் சிஸ்டர்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். வெளியே மழை கொஞ்சம் குறைந்திருந்தது. சின்ன சிஸ்டர் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எந்த ரூமுண்ணா?" என்றாள் விளையாட்டாக. "நீங்கதான் ஜோசியம் பாக்கறீங்களாமே."

அவன் சிரித்தான். சொல்லலாமே என்று மனக்கணக்குப் போட்டான். பதினெட்டில் நிற்கிறது. இருபத்துநாலாம் நாள். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு பின்னால் போக முடியாது, அறையே கிடையாது. ஆகவே முன்னால். பதினெட்டோடு இருபத்துநாலு.

நாற்பத்திரண்டு.

தப்பு. எங்கோ தப்பாகக் கூட்டிவிட்டான். மேசை மேல் விரலால் எழுதிப் பார்த்தான். பதினெட்டு, இருபத்துநாலு. நாற்பத்திரண்டு. ஆனால் அது போன இடம். போன இடத்துக்கு அது போகாது. பின்னால் போகும்போது போகாது. முன்னால் போகும்போது?

முன்னால் போகும்போது அது பார்த்ததா?

ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போனபோது, ஏழிலிருந்து பதின்மூன்றுக்குப் போனபோது, முன்னால் கிடைத்ததெல்லாம் புது அறை. பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. பின்னால் வழியில்லாவிட்டால் முன்னால் போகும். இதுதான் அவன் பார்த்தது. போன இடத்துக்குத் திரும்பாது என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. அதை நம்பித்தான் அவளை அங்கே தள்ளிக்கொண்டு போனான். அவன் கையாலேயே. முப்பதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

மணி மூன்று எட்டு.

ஓடினான். நாற்காலி பின்னால் விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஈரத் தரையில் செருப்பு வழுக்கியது, உதறிவிட்டு ஓடினான். ஏழு. பதின்மூன்று. பதினெட்டின் கதவு திறந்திருந்தது. வெறும் தரை. அதைத் தாண்டும்போது அவன் இடது பக்கம் முழுவதும் சில்லிட்டது. தன்னோடு சேர்ந்து இன்னொன்றும் அதே திசையில் புறப்படுவதுபோல் இருந்தது. அதற்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. முப்பது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து. நெஞ்சு வலித்தது. நாற்பது.

நாற்பத்திரண்டு.

"என்னடா இது, துரத்தற மாதிரி ஓடி வரே?" என்றாள் அக்கா. "செருப்பு எங்கே? சளி பிடிக்கும்டா."

கடவுளே. பேசினாள். பேசிக்கொண்டிருந்தாள்.

"போகலாம்க்கா. இந்த ரூம் வேண்டாம்."

கட்டில் சக்கரங்களின் பூட்டை எடுக்கக் குனிந்தான். ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது துருப்பிடித்து இறுகியிருந்தது. குதிகாலால் உதைத்தான்.

"நேத்துதான் குடிவந்தேன். அதுக்குள்ளே காலி பண்ணச் சொன்னா எப்படி? இங்கே கேளு, காலையில அந்த உசரமான ஆயா வந்தா. அவ மருமக இருக்காளே..."

"அக்கா, பேசிட்டே இரு. நிறுத்தாதே."

"நான் எப்போடா நிறுத்தினேன்? அந்த மருமக என்ன பண்ணினாளாம்..."

மூன்றாவது பூட்டு வந்தது. நாலாவது. கை வழுக்கியது. கட்டிலை அப்படியே இழுத்தான். ஒரு முழம் நகர்ந்தது.

கதவுக்கு மேலே சிவப்பாக எரிந்தது. நடையின் அந்தக் கோடியிலிருந்து, மெலிதாக, டொய்ங்.

"...மாமியார் பேசறதுக்கு முன்னாடியே அவ"

நின்றது.

நிமிர்ந்தான். அக்காவின் வாய் அந்தச் சொல்லின் வடிவத்திலேயே திறந்திருந்தது. கண்கள் அவன் மேல் இல்லை. மெல்ல நகர ஆரம்பித்தாள். இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, மூன்று வாரமாக அசையாத உடம்பை, ஓரத்தை நோக்கி இழுத்தாள். எலும்பில் செருகிய கம்பி கட்டுக்குள் திரும்பியது. கட்டுத் துணியில் ரத்தம் ஊறிப் பரவியது. அவள் முகம் சுளிக்கவில்லை. எடை ஆடிக் கட்டில் கம்பியில் மோதியது. மறுபடி மோதியது.

"அக்கா."

ஓரத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் பாதி மெத்தை காலி. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். கை சூடாக இருந்தது. அவன் கண் எதிரே, அவனுக்கும் அவளுக்கும் நடுவில், விரிப்பு இரண்டு பக்கமும் இழுபட்டது. மெத்தை அமுங்கியது. ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. பிறகு இன்னும் கொஞ்சம். கம்பிச்சுருள்கள் முனகி அடங்கின.

"அக்கா, ஏதாவது பேசுக்கா."

அக்கா தலையைத் திருப்பினாள். அவன் பக்கம் இல்லை. அந்தப் பள்ளத்தின் பக்கம், சற்று மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, புரிந்தது என்பதுபோல் மெல்லத் தலையாட்டினாள். மறுபடி தலையாட்டினாள்.

வாழ்நாளில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாதவள், குறுக்கே ஒரு சொல் பேசாமல், கேட்டுக்கொண்டிருந்தாள்.